கல்லாவுக்கு மேல் மாட்டிய உத்தரவு

தொண்ணூற்றாறில், துபாய் சத்வாவில் உரக்கடை வைத்திருந்த கீழக்கரை சுஐபு ஆட்டுப்புழுக்கை விற்கக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. “உரத்துக்குச் சட்டம் போட இவனுக யாரு?” என்று கொதித்து, அபுதாபி அமைச்சகத்துக்கு மனு எழுதினார்.

பதில் அரபியில் வந்தது. குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு தடங்கலில்லாமல் வாசித்தது, பொருள்தான் தெரியவில்லை. பக்கத்துக் கடை எகிப்துக்காரர் முதல் வரியை விளக்கினார்: உர விஷயத்தில் நகராட்சிக்கு அதிகாரமில்லை. மீதியைக் கேட்கும் பொறுமை சுஐபுக்கு ஏது? கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். “முனிசிபாலிட்டிக்கு பவர் மாஃபி, கலாஸ்!” என்று, அதிகாரம் இல்லை, கதை முடிந்தது என்ற தோரணையில் சுஐபு சுவரைக் காட்டினார்.

வந்தவர் அமைச்சக ஆள். இரண்டாம் வரியை இந்தியில் சொன்னார்: நாடு முழுக்க ஆட்டுப்புழுக்கை விற்கத் தடை. இந்த உத்தரவைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்றது மூன்றாம் வரி.

அதை மட்டும் சுஐபு சரியாகச் செய்திருந்தார்.