ஒன்றை நோக்கி நடந்தவர்

எங்கள் நாட்டில் நாணயம் சேர்ப்பவர்கள் காசுக்கு எழுபதுக்கு மதிப்பெண் போடுவார்கள். அச்சிலிருந்து விழுந்த மேனிக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால் எழுபது. தேய்ந்து தேய்ந்து, இது இன்ன காசு என்று மட்டும் சொல்ல முடிகிற அளவில் இருந்தால் ஒன்று. அதற்கும் கீழே போனால் அது காசே இல்லை, வெறும் வெள்ளித் தகடு. எங்கள் கிளப்பில் பதினேழு பேர். பதினாறு பேர் எழுபதை நோக்கி ஓடுகிறவர்கள். ஆர்லோ ஹாகன் ஒருவர்தான் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

நான் லோர்னா வெசலி. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு சின்ன ஊரில் தபால் கொடுக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினோரு மைல் நடை. மாலையில் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து என் காசுகளைப் பார்ப்பேன். முகத்தில் விரல் பட்டுவிட்டால் ரேகை அப்படியே வெள்ளியில் தங்கிவிடும். அப்படி எவனாவது தொட்டு வைத்த காசைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். கிளப் கண்காட்சியில் ஆறு முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை.

ஆர்லோ நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எழுபத்து நான்கு வயது. அவருடைய காசு, அயோவா மாநிலத்தின் நூற்றாண்டுக்காக 1946-இல் வெளியிட்ட வெள்ளி அரை டாலர். ஒரு பக்கம் பழைய கல் மாளிகை, மறுபக்கம் கழுகு. அந்தக் காலத்தில் இதை வாங்கியவர்கள் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் போட்டார்கள். யாரும் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கவில்லை. அதனால் பளபளப்பான அயோவா காசு இன்றைக்கும் எந்தக் காசு வியாபாரியிடமும் கிடைக்கும். தேய்ந்தது ஒன்று கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. தேடி அலுத்துப் போன ஆர்லோ, 1981-இல் ஒரு புதுக்காசை வாங்கிக் கால்சட்டையின் வலது பையில், சில்லறையோடு சில்லறையாகப் போட்டார். அன்றிலிருந்து கால்சட்டை மாறினாலும் காசு மாறவில்லை. தேவாலயத்துக்கும் அதுதான் போனது, மீன் பிடிக்கவும் அதுதான் போனது.

இந்த ஆட்டத்தில் குறுக்கு வழி உண்டு. துணி உலர்த்தும் இயந்திரத்தில் காசைப் போட்டுச் சுழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் தேய்க்கும் பசையை வைத்துத் துணியால் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை எங்கள் கிளப் தலைவர் குர்ட் அதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"மெஷின்ல ரெண்டு மாசம் போட்டா வேல முடிஞ்சிரும் ஆர்லோ. எதுக்கு இப்படி உயிர விடறீங்க?"

"கோழிய லாரியில அடிச்சும் சாகடிக்கலாம் குர்ட். அத எவன் திம்பான்?"

"உங்க காசு மண்டையில வழுக்க விழுந்துருச்சு பாத்தீங்களா?"

"எனக்கு விழுந்து இருவது வருஷமாச்சு. இப்பத்தான் அது என்னை எட்டிப் பிடிக்குது."

ஒவ்வொரு புத்தாண்டு காலையிலும் சமையலறை மேசையில், ஒரே சன்னல் வெளிச்சத்தில், அந்தக் காசைப் படம் எடுத்துவைப்பார். நாற்பத்து நான்கு படங்கள். கழுகின் இறகுகள் முதலில் போயின. பிறகு நட்சத்திரங்கள், மாளிகையின் தூண்கள். கடைசியில் மாளிகைக் கோபுரத்துக்கு அடியில் ஒரே ஒரு சின்னக் கோடு பாக்கி இருந்தது. அந்தக் கோடு போனால் மதிப்பெண் ஒன்று. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஆர்லோ சொல்வார்: "இன்னும் ஒரு வருஷம். மிஞ்சிப் போனா ஒன்றரை."

அப்போதெல்லாம் நான் சிரிப்பேன். எழுபது வாங்கப் பாடுபடுகிறவர்களைப் புரிந்துகொள்ளலாம். ஒன்று வாங்க ஒரு மனிதன் ஏன் இப்படிப் பாடுபட வேண்டும்?

போன ஏப்ரலில் அவருக்கு இதய வால்வு மாற்ற நாள் குறித்தார்கள். முந்தைய நாள் நான் தபால் கொண்டுபோனபோது வாசலிலேயே நின்றிருந்தார். பைக்குள் கையை விட்டு அந்தக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உடம்புச் சூடு அதில் இருந்தது.

"ஆஸ்பத்திரி கவுன்ல பாக்கெட் கெடையாது லோர்னா. நான் வர்ற வரைக்கும் நீ வெச்சிரு. நம்ம கிளப்புலயே உன் காலுதான் நல்ல காலு."

"என் காலப் பத்திப் பேசற வயசா உங்களுக்கு?"

"பேசற வயசுதான். பாக்கற வயசுதான் போயிருச்சு."

சிரித்துக்கொண்டே வாங்கினேன். ஆனால் தெருவில் நடக்க நடக்கப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதனின் நாற்பத்து நான்கு வருடம் என் கையில் இருந்தது. தொலைந்துபோனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அன்று மாலையே பஞ்சுக் கையுறை போட்டு, வெள்ளியைக் கெடுக்காத உயர்ந்த ரக பிளாஸ்டிக் உறையில் அதை வைத்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். மறுநாள் அதை பேங்க் லாக்கரில், என் சொந்தக் காசுகளுக்கும் மேலே, முதல் இடத்தில் வைத்துப் பூட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் "பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்க" என்று சொன்னேன். மயக்கம் தெளியாத கண்ணோடு தலையை ஆட்டினார்.

ஏழு வாரம் கழித்து மே கடைசியில் அவர் வீட்டுக்கு வந்தார். பார்த்துக்கொள்ள டெமாய்னிலிருந்து மகள் மாரிட் வந்திருந்தாள். நான் காசை எடுத்துக்கொண்டு, கூடவே பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். ஆர்லோ சன்னலோர நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். பாதி ஆள் ஆகிவிட்டிருந்தார்.

"டாக்டர் தினம் இருவது நிமிஷம் நடக்கச் சொல்லிருக்காரு" என்றாள் மாரிட். "நடக்கலைன்னா இன்னொரு தடவ படுத்துருவாருன்னு என்கிட்ட தனியாவும் சொன்னாரு. இவரு அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு. நான் கத்தியும் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன்."

"எங்க போறதுக்கு நடக்கறது?" என்றார் ஆர்லோ.

நான் பெருமையோடு உறையை நீட்டினேன். ஆர்லோ அதை வாங்கினார். பிளாஸ்டிக்கைப் பார்த்தார். லேபிளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"பேங்க்ல. லாக்கர்ல."

"எத்தன நாளு?"

"நீங்க குடுத்த மறுநாள்லேருந்து."

உறையை மடியில் இறக்கி வைத்தார். மாரிட் என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஏழு வாரம்" என்றார். "ஒரு நாளைக்குப் பதினோரு மைலு. நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன் லோர்னா. அந்தக் கோடு ஆகஸ்டுலயே போயிருக்கும். நான் அதப் பூட்டி வெக்கச் சொல்லல. நடக்க வெக்கச் சொன்னேன். என் உடம்ப டாக்டருங்க பாத்துக்குவாங்க. காசப் பாத்துக்க ஊர்ல ஒரே ஒரு ஜோடிக் காலு இருந்துச்சு. அதக் கொண்டுபோயிப் பூட்டிட்டியே."

முப்பது வருடப் பழக்கம் என்னை அப்படிச் செய்யவைத்தது. காசு என்றால் பூட்டு, பூட்டு என்றால் பத்திரம். வேறு எந்தத் தபால்காரியாக இருந்தாலும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு மறந்திருப்பாள். காசைப் பற்றி எல்லாம் தெரிந்த நான்தான் அதைக் கெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"இப்பவே குடுங்க, நாளையிலேருந்து பையில போட்டுக்கறேன்" என்றேன்.

"வேணாம்" என்றார். "உன்ன நம்பினது போதும்."

மறுநாள் பதினொன்றே காலுக்கு அவர் தெருவில் திரும்பினேன். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்லோ நின்றிருந்தார். குளியலறைச் செருப்பு, மேலே கோட்டு, கீழே பழைய கால்சட்டை. சில்லறையால் வலது பை புடைத்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார். ஐந்தாவது வீட்டில் மூச்சு வாங்கி வேலியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாரிட், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஜூனில் ஒன்பது வீடு. ஜூலையில் தெருமுனை வரை. ஆகஸ்டில் என்னோடு பேச ஆரம்பித்தார், அதுவும் திட்டுவதற்குத்தான். "உன் கால் நல்ல கால்தான், ஆனா என்ன வேகம் இது, கல்யாண ஊர்வலமா?" அறுவடைக் காலத்தில் மூன்று தெரு நடந்தார். பனி விழுந்த பிறகு, வழுக்காத அடிப்பாகமுள்ள பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் தன் பெருமையாக நினைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஆறேழு மாதத்தில் அவரை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. என் காசுகளின் அழகு, நான் வாங்கும்போதே அவற்றில் இருந்தது. நான் செய்ததெல்லாம் அதைக் கெடுக்காமல் விட்டது மட்டும்தான். அவருடைய காசில் இருந்ததை அவரே உண்டாக்கினார். ஒவ்வொரு நாளும் எழுந்து, உடுத்தி, வெளியே போய், கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்த்துக்கொண்டு திரும்பினார். ஒரு நாள்கூட அவசரப்படுத்தவில்லை. அப்படி ஒரு பொறுமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

புத்தாண்டு காலையில் கூப்பிட்டார். போனேன். சமையலறை மேசையில் காசு கிடந்தது. லென்ஸை என்னிடம் கொடுத்தார். கோபுரத்தடியில் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன்.

"போயிருச்சு" என்றேன்.

"உறுதியா?"

"ஆமா. மாளிகையோட உருவம் நிழல் மாதிரி நிக்குது. கோடு இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, கொஞ்ச நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்பத்தைந்தாவது படத்தை எடுத்தார்.

மதிப்பெண் போடுகிற நிறுவனத்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலை நான்தான் அவர் கையிலிருந்து வாங்கினேன். கொடுத்த பிறகு அவர் கை தன்னால் வலது பைக்குள் போய்த் துழாவியது. மார்ச் மாதம் பொட்டலம் திரும்பி வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிரந்தரமாக அடைத்து, மேலே எண் போட்டிருந்தார்கள். ஒன்று. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பதினாறு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். குர்ட் அதைக் கையில் வாங்கிக் கண்கலங்கினார். எங்கள் கூட்டத்தில் எந்த எழுபதுக்கும் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் பதினொன்றே காலுக்குத் தபால்பெட்டிக்கருகில் ஆர்லோ இல்லை. வியாழனும் இல்லை. வெள்ளியும் இல்லை. நடப்பதற்கு இருந்த ஒரே காரணத்தை நாங்களே பெட்டிக்குள் போட்டு அடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். சனிக்கிழமை கதவைத் தட்டியே விடுவது என்று வந்தேன்.

பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க போனீங்க மூணு நாளா?"

"சீடர் ராப்பிட்ஸ்ல காசு சந்தை. நல்லதா பொறுக்கி எடுக்க நாளாகும்ல." பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அயோவா, 1946. இறகு இறகாகக் கழுகு. கண்ணைப் பறிக்கிற வெள்ளி. எழுபதுக்கு அறுபத்தேழுக்குக் குறையாது. அவர் கட்டைவிரல் அதன் முகத்தின் மேலேயே இருந்தது.

"ஆர்லோ, இது முடிய உங்களுக்கு நூத்தி இருவது வயசாகணும்."

"முடிய வேணாம். இந்தக் காசுல ஐநூற 2046-க்குன்னு மாநிலம் எடுத்து வெச்சிருக்கு, தெரியுமில்ல? எரநூறாவது வருஷத்துக்கு. அன்னிக்கு அதெல்லாம் பளபளன்னு வெளிய வரும். நூறு வருஷம் பூட்டியே இருந்த காசு. அதுக்குப் பக்கத்துல நடந்த காசு ஒண்ணு நிக்கணும். இன்னும் இருவது வருஷம்தான் இருக்கு."

"அப்ப உங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு."

"எனக்கு எத்தனன்னு யாரு கேட்டா?" என்றார். "உனக்கு எழுவத்தி நாலு."

சொல்லிவிட்டு என் வலது பைக்குள், சாவிக்கொத்தோடு சேர்த்து அந்தக் காசைப் போட்டார். போட்டுவிட்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அடிக்கும் இரும்பில் வெள்ளி உரசும் சத்தம் கேட்டது. மூன்றாவது வீடு வரை எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலாவது வீட்டில் அவர் எட்டு அடி முன்னால் போய்விட்டார். நான் பையில் கை வைக்காமல் எட்டிப் போட்டு நடந்தேன்.