அடிச்ச வரியையும் பேசு

எனக்கு இன்னும் கோவம் ஆறல. மணவாளன் சார் மேல மட்டும்னு நெனைச்சுக்காதீங்க. பாதி கோவம் என் மேலயேதான்.

என் பேரு திலகவதி. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, வண்டி அதிர்வைத் தாங்கற ரப்பர் புஷ் பண்ற கம்பெனில ஒம்போது வருஷமா கடைசி செக்கிங்ல இருக்கறேன். மயிரிழை பிசிறு இருந்தாலும் அந்தப் பீஸை செவப்புத் தொட்டில கடாசிடுவேன். அந்தக் கண்ணுக்குத்தான் எனக்கு சம்பளம்.

ஆயுத பூஜை அன்னிக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, பொரி கடலை குடுத்த பொறவு எங்க கம்பெனில ஒரு நாடகம் போடுவாங்க. எழுதறது எச்.ஆர். மணவாளன் சார். வருஷா வருஷம் ஒரே கதை. பொண்டாட்டி புடவை கேப்பா, புருஷன் பூரிக்கட்டையால அடி வாங்குவான். நாங்களும் பொரியைத் தின்னுக்கினு சிரிச்சு வெப்போம்.

இந்த வருஷம் எங்க லைன்ல இருக்கற ஷைனி என்னைப் புடிச்சுக்கினா. "அக்கா, நீதான் எப்பப் பாரு நோட்ல இன்னாவோ எழுதிக்கினே கீறியே. நம்ம கதையை எழுது, நான் நடிக்கறேன்"னு சொல்லி, சார்கிட்ட பர்மிஷனும் வாங்கிட்டா.

எங்க கதைன்னா கார்டு கதைதான். பாத்ரூம் போவணும்னா சூப்பர்வைசர் மேஜைல இருக்கற கார்டை எடுத்துக்கினு போவணும். இருபத்திரெண்டு பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு கார்டு. ஒருத்தி போயிட்டு வர்ற வரைக்கும் மத்தவ அடக்கிக்கினு நிக்கணும். இது இன்னா நியாயம்னு இத்தினி வருஷத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல.

ரெண்டு ஞாயித்துக்கெழமைல பன்னெண்டு பக்கம் எழுதினேன். அப்புறம்தான் சனியன் புடிச்சுது. திருப்பிப் படிச்சா எல்லா வரிலயும் பிசிறு தெரியுது. இது கொச்சை, அது நீளம், இத்தக் கேட்டா சிரிப்பாங்கன்னு அடிச்சேன். கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா அடிக்காம மூணு பக்கம்தான் நின்னுது. முடிவு எழுதவே இல்ல. ஷைனி தெனமும் கேப்பா, நான் தெனமும் "நாளைக்கு"ன்னுவேன். பூஜைக்கு மொத நாளு சார்கிட்ட போயி, "எழுத வரல சார்"னு சொல்லிட்டேன்.

அவரு சிரிச்சாரு. "எனக்குத் தெரியும்மா. இதுக்கெல்லாம் ஒரு தெறமை வேணும்." அப்பிடியே போன்ல எவனோ அனுப்பின நாடகத்தை எடுத்து ஷைனிக்கு ஃபார்வேர்டு பண்ணாரு. பேரு குடுத்துட்டமேன்னு அவளும் ஒத்துக்கினா.

பூஜை அன்னிக்கு கம்ப்ரஸர் ஷெட்டுக்குப் பின்னால அவ மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தா. பொண்டாட்டிக்கு மூளையே கெடையாதுன்னு ஜோக்கு. அத்த அவ வாயாலயே சொல்லணுமாம். தலையைக் குனிஞ்சுக்கினு சொன்னா. எனக்கு வவுறு எரிஞ்சுது. இந்தக் குப்பையை அந்தாளு கொஞ்சங்கூட கூசாம நீட்டறாரு. நான் என் வவுத்தெரிச்சலை எழுதி வெச்சுக்கினு, கமா சரியில்லன்னு கூசிக்கினு கீறேன். த்தூ, நானெல்லாம் ஒரு பொம்பள.

பைலேர்ந்து நோட்டை எடுத்து அவ கைல திணிச்சேன். பொரட்டிப் பாத்துட்டு, "அக்கா, இதுல எத்தப் பேசறது? அடிச்சதையா, அடிக்காததையா?"ன்னு கேட்டா.

"எல்லாத்தையும் பேசு."

மேடைல அவ நோட்டைக் கைல வெச்சுக்கினே பேசினா. ரெண்டு எடத்துல வரி மாறிப் போச்சு. எட்டு நாளு நான் செதுக்கின வரியை ஒருத்தரும் கண்டுக்கல. கொச்சைன்னு மொதல்ல அடிச்சேனே, "மிஷினு சூடானா பத்து நிமிஷம் நிறுத்தி வெக்கறீங்க, எங்களுக்கு மூணு நிமிஷம் குடுத்தா இன்னா கொறைஞ்சுடும்?", அதுக்குத்தான் பொம்பளைங்க பக்கம் கைதட்டு அடங்கல. மொதலாளி முன்வரிசைல பொரியை மெல்லறதை நிறுத்திட்டாரு.

அப்புறம் ஷைனி நின்னுட்டா. மைக்லயே சொன்னா, "இதுக்கு மேல அக்கா எழுதல."

எனக்கு மானம் போச்சு. எழுந்து ஓடிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள பேக்கிங்ல இருக்கற செங்கம்மாக்கா எழுந்துட்டாங்க. அம்பது வயசு, அதிர்ந்து பேசாத மனுஷி. "எழுதாங்காட்டி இன்னா, மீதியை நான் சொல்றேன்"னு மேடை ஏறி மைக்கை வாங்கினாங்க.

"போன ஆடி மாசம் எனக்குத் தீட்டு வந்துச்சு. கார்டு இல்ல. ரெண்டு மணி நேரம் நின்னேன். பொடவை பூரா ஆயிப்போச்சு. கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைக் கழட்டி இடுப்புல கட்டிக்கினு, பஸ்ஸு ஏற வெக்கப்பட்டு திருவள்ளூர் வரைக்கும் நடந்தே ஊட்டுக்குப் போனேன். மறுநாளு, கோட்டு கறையாயிடுச்சுன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க."

ஆம்பளைங்க தரையைப் பாத்தாங்க. மணவாளன் சார் வேகமா மேடைகிட்ட வந்து, "போதும்மா, டைம் ஆச்சு"ன்னு மைக்குக்குக் கை நீட்டினாரு. நடுவுல போயி நின்னது நான்தான். எப்பிடிப் போனேன்னு எனக்கே தெரியல.

"கைய எடுங்க சார். அவங்க இன்னும் முடிக்கல."