டிரம்கோலன் சந்தையில் ஓர் ஆடு

டிரம்கோலன் சந்தைத் திடலின் விலை, ஸ்பெயினில் ஒரு வாரம். ஹோட்டல்காரர்கள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் மலாக்கி விமானம் ஏறிவிட்டான் என்று தெரிந்தபோதுதான் டிம்ப்னா ஹீஃபிக்கு அந்தக் கணக்கு விளங்கியது.

மாளிகைப் பிரபு அந்தக் காலத்தில் எழுதிய பத்திரம் அப்படி. சந்தை நாளில் ஒரு கால்நடையாவது விலைபோனால் திடல் ஊருக்கு; ஒரு வருஷம் தவறினாலும் மாளிகைக்கு. மாளிகை இப்போது ஹோட்டல். மாட்டு வியாபாரமெல்லாம் ஏலக்கூடத்துக்குப் போய்விட்டதால், இரும்புக்கடை டிம்ப்னா தன் ஆட்டை மலாக்கிக்கு விற்பாள். மறுவருஷம் அவன் அதை அவளுக்கே விற்பான். திடலும் பிழைத்தது, ஆடும் பிழைத்தது.

இன்று வாங்க ஆளில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லார் வீட்டிலும் ஹோட்டல் சம்பளம். கைகள் பைக்குள்ளேயே கிடந்தன. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் சந்தை முடிந்தது. அதற்காகவே குடையோடு காத்து நின்றான் ஹோட்டல் மேலாளர் ஃபின்டன், செத்துப்போன மாட்டுத்தரகர் ஸ்காஹிலின் மகன்.

"ஆடு அறுபது யூரோ!" என்று கத்தினாள் டிம்ப்னா.

ஃபின்டன் சிரித்தான். "அறுபதா? மிஸஸ் ஹீஃபி, இதுக்குப் பல்லே இல்லையே!"

"பல்லு பாக்கத் தெரியுமாடா உனக்கு? உங்கப்பன் குருட்டுக் கழுதையைக் குதிரைன்னு ஓட்டிக்கிட்டு வந்த மனுஷன்."

அவன் காது சிவந்தது. "எங்கப்பாவா? இதுக்கு அவரு இருபதுக்கு மேல காசு காட்டியிருக்க மாட்டாரு."

"இருபதுக்குக் கொம்பு தரேன், எடுத்துட்டுப் போ. ஐம்பது!"

முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்தான். திரும்பி வந்தான். அவன் அப்பாவும் அப்படித்தான் போவார், அப்படித்தான் வருவார். "முப்பது."

கைமேல் கை அடித்துப் பேரம் முடிக்கும் சந்தை வழக்கப்படி, டிம்ப்னா உள்ளங்கையில் துப்பி, கையை நீட்டினாள். "ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்போம். நாப்பது. அவருக்குப் பொறந்தவனா இருந்தா அடிடா!"

அடித்தான். அந்தச் சத்தம் திடலின் கடைசி வரைக்கும் கேட்டது. அப்புறம்தான் கோயில் மணி ஆரம்பித்தது.

ஃபின்டன் தன் உள்ளங்கையையே பார்த்தான். "சும்மா பேச்சுக்குச் சொன்னேன்..."

"கைமேல அடிச்சிட்டு உங்கப்பன் ஒரு நாளும் பின்வாங்கினதில்ல. கழுதைக் கதை பொய். இது நிஜம்."

பைக்குள் கிடந்த கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தட்ட ஆரம்பித்தன. ஃபின்டன் பணப்பையைத் திறந்தான். ஆடு அவன் குடையை மென்றது, இல்லாத பல்லால்.

வரவு நாற்பது. வழக்கப்படி வாங்கினவனுக்கே திருப்பிக் கொடுத்த ராசிக்காசு ஐந்து. கையிருப்பு முப்பத்தைந்தும், ஒரு திடலும். மலாக்கிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, கன்னத்தில் ஓர் அறை. அவன் விமானம் ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறது.