நடந்து போகும் சொல்

அந்தக் கம்ப்யூட்டர் மாநாட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் தம்பி. அழைப்பு அவன் பெயரில்தான் வந்தது. "நீ போனா மூலையில உக்காந்து மொபைலைப் பாத்துட்டு வந்துடுவே, நான் போறேன்" என்று பிடுங்கிக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டாள். அக்கா அப்படித்தான். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த வாய்க்குப் பயந்துதான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறார்கள். இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது தொழில். வீடு வாங்க வந்தவர் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும், அஸ்திவாரமே தோண்டாத வீட்டின் சமையலறையில் நின்று அலமாரியைத் திறந்து பார்க்கலாம். சுவர், தரை, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் தம்பி கைவண்ணம். தள்ளினால் கதவு திறக்க வேண்டும், தட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்கிற விதிகளை எழுதுவது அக்கா.

மாநாட்டில் யார் யாரோ என்னென்னவோ பேசினார்கள். அக்காவின் மண்டைக்குள் புகுந்தது ஒரு பெண்மணியின் பேச்சு மட்டும்தான். "நீங்க உருவாக்குற உலகத்துல கல் கீழேதான் விழணும்னு யார் சொன்னது? ஒரே ஒரு விதியை மாத்துங்க. மத்ததை அப்படியே விடுங்க. என்ன ஆகுதுன்னு உள்ளே போய் நின்னு பாருங்க" என்றாராம் அவர்.

அவ்வளவுதான், அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. குழாய்த் தண்ணீர் மேலே ஏறும் குளியலறை ஒன்று செய்தாள். அதை மூடி வைக்க அவள் மறந்துபோக, ஒரு கட்டிட முதலாளி அதற்குள் நுழைந்துவிட்டார். மனிதர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்த கம்பெனி குழாய்ம்மா?" என்று கேட்டார். வீட்டில் கணவரிடம் 'வந்து பாருங்க' என்றால், அவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். "பறக்குற வீடு எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பாக்குறேன்."

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் தம்பி வந்து சொன்னான், பெரிய கம்பெனி ஒன்றில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று. சொல்லிவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் 'போகாதே' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வருமா அந்த வாயில்? "போறதுன்னா போ. யாரு உன் காலைப் பிடிச்சு நிறுத்தினா?" என்றாள். மறுநாளிலிருந்து அவன் ஆபீஸ் பக்கமே வரவில்லை. வேலையை வீட்டிலிருந்தே செய்து அனுப்பினான். கம்பெனிக்கு அவன் பதில் சொல்ல வேண்டிய நாளும் வந்துவிட்டது.

அன்று காலை அக்கா அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'ஹெட்செட்டை மாட்டு. புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். இங்கே பேசினா பேச்சு உருண்டையாகி நடந்து வரும். யார்மேல முதல்ல படுதோ அவங்களுக்குத்தான் கேக்கும். அதோட கரைஞ்சுடும்.'

ஹெட்செட்டுக்குள் நீண்ட வெறுங்கூடம். இந்தக் கோடியில் அக்கா, அந்தக் கோடியில் தம்பி.

"கேக்குதாடா?"

மாவு உருண்டை போல வெள்ளையாக ஒன்று அவள் வாயிலிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் காற்றில் நடந்து போனது. தம்பிமேல் பட்டதும் அவன் சிரித்தான். "கேக்குதுக்கா" என்ற அவன் பதில் வந்து சேர்வதற்குள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

அடுத்து அவனிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடு வாங்குறவங்களுக்கு இது எதுக்கு? சாயங்காலம் அந்தக் கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்க்கா."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "போய்த் தொலை! நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்!"

கத்தினால் உருண்டை சிவக்கும்படி அவளேதான் விதி எழுதியிருந்தாள். ரத்தச் சிவப்பாக ஒன்று புறப்பட்டுப் போனது. எத்தனையோ பேரை எவ்வளவோ பேசியிருக்கிறாள். அப்போதெல்லாம் வாயை மூடுவதற்குள் சொல் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் நினைத்து என்ன பயன்? ஒரு சொல்லின் முதுகை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதற்கு எதிரே தம்பி ஒன்றும் அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஐயோ, அது அவன்மேல் படக் கூடாது!

ஓடினாள். நிஜத்தில் ஓரடி வைத்தால் கூடத்தில் நாலைந்து அடி நகரும். ஆபீஸில் நாற்காலி உருண்டது. முழங்கால் மேஜையில் இடித்து உயிர் போனது. நொண்டிக்கொண்டே உருண்டையைத் தாண்டிப் போய், தம்பிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அது அவள் நெஞ்சில் வந்து முட்டியது.

நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்.

அவளுடைய குரலேதான். சீச்சீ, இப்படியா பேசுகிறேன் நான்? சின்ன வயதிலிருந்து இதையா இவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்? ஹெட்செட்டுக்குள் கண்ணீர் முட்டியது, துடைக்கவும் வழியில்லை. கூடமே கலங்கலாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து அவன் கேள்வி வந்து தொட்டது. "என்னக்கா சொன்னே?"

"அதை விடு. எனக்குச் சேர வேண்டியது, எனக்கே வந்துடுச்சு."

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. விறுவிறுவென்று தன் கோடிக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டு, மெல்லச் சொன்னாள்.

"போகாதேடா. நீ இல்லேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

வெளிறிய சின்ன உருண்டை ஒன்று கிளம்பியது. சனியன், கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதும் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிடலாம், யாருக்கும் தெரியாது. கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

அந்தக் கோடியில் தம்பி கட்டியிருந்த கையைப் பிரித்தான். அது தன்னிடம் வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. எதிரே நடந்து வந்தான்.