இருபத்தாறாம் பல்

மாமனாரின் பல் லேபில் மூளை என்று ஒன்று இருந்தால் அது தன் தலைக்குள்தான் இருக்கிறது என்பதில் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே கிடையாது. டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். லேபில் அதற்கேற்ற பீங்கான் பல்லைச் செய்து கொடுப்பார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த அந்த லேபின் சாவியை யாரிடம் கொடுக்கப்போகிறேன் என்பதை, டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்து, மேடையில் சொல்வதாக மாமனார் அறிவித்திருந்தார். போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: மகளும் மாப்பிள்ளையும். ஒரே கட்டிலின் இரண்டு பக்கம்.

விருந்து நெருங்கிய நேரம் பார்த்து மாமனார் மாத்திரை அட்டையைப் பல்லால் கிழிக்கப்போய் முன்பல்லை உடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவர் பொக்கைவாயோடு மேடை ஏறினால் என்ன மரியாதை? அவருடைய ஸ்கேனும் மற்ற ஸ்கேன்களோடு வரிசையில் வந்து நின்றது.

அந்த வரிசைதான் மாப்பிள்ளையின் கண்ணை உறுத்தியது. ஃபைலின் பெயரை ஒரு டாக்டர் நோயாளியின் பெயரில் தொடங்குவார், இன்னொருவர் பல்லின் எண்ணில், வேறொருவர் தேதியில். நடுவில் கோடு, இடைவெளி, போகிற போக்கில் ஒரு கமா. மாப்பிள்ளை வீடியோ பார்த்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் கற்றிருந்தான். ஃபைல் பெயர் எந்த அச்சில் இருக்கும் என்று சொல்லிவிட்டால், அந்த அச்சில் அடங்கும் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரே பிடித்து ஒரே மாதிரி மாற்றிவிடும். புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி என்று கோலம் போட்டான். முதலில் வருகிற இரண்டு இலக்கம் பல் எண், அடுத்து வருவது தேதி, நடுவில் எந்தக் குப்பை இருந்தாலும் கவலையில்லை. இதுதான் அவன் கண்ட அச்சு. எழுதி முடித்ததும் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

"ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு, பத்து ஃபைல்ல போட்டுப் பாருங்க," என்றாள் மனைவி.

"ஒத்திகையெல்லாம் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு."

"அப்பாவோட ஃபைலையாவது கையால மாத்திக்கிறேன்."

"விதின்னா எல்லாருக்கும் ஒரே விதி. உங்கப்பாவுக்குன்னு தனியா ஒண்ணு போடச் சொல்றியா?"

அவளுக்கு விருந்து மண்டபத்தில் வேலை இருந்தது. கிளம்பிவிட்டாள்.

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினான். பெயர்களெல்லாம் சீருடை மாட்டியது போல வரிசையில் நின்றன. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அவற்றைப் பார்த்துப் பூரித்து, அப்படியே இயந்திரத்துக்கு அனுப்பினான். பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து எந்தப் பல் என்று தெரிந்துகொண்டு கடைகிற இயந்திரம் அது. முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, அடுத்தது அங்கே எத்தனையாவது பல்: பதினொன்று என்றால் முன்பல், இருபத்தாறு என்றால் கடைவாய்ப்பல். மாமனாரின் டாக்டரோ தேதியை முதலில் போடுகிறவர். அவர் ஸ்கேன் எடுத்த தேதி இருபத்தாறு; அதுவே பல் எண் ஆகிவிட்டது. முப்பதாக இருந்திருந்தால் அப்படி ஒரு பல்லே கிடையாது என்று இயந்திரமாவது நின்றிருக்கும்.

விருந்து நாளன்று மாமனாரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனதும் மாப்பிள்ளைதான். நாற்காலியில் அண்ணாந்து கிடந்தவரின் பக்கத்தில் நின்று, தன் புதிய முறையைப் பற்றி டாக்டருக்கு வகுப்பே எடுத்தான். டாக்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே அகலமாக, குண்டாக, பள்ளமும் மேடுமாக ஒரு பல் உட்கார்ந்திருந்தது. மாமனார் எழுந்து அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதை எங்க மாட்டிக்கிறது? முன்னாலயே மாட்டிக்கிட்டு அரைச்சுத் திங்கட்டுமா?"

மாப்பிள்ளையின் முகத்தில் அசடு வழிந்தது. டாக்டர் திரும்பி நின்று கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்று மாமனார் பொக்கைவாயோடுதான் மேடை ஏறினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காற்று விசிலடித்தது. சாவி மகளின் கைக்குப் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினான்.

மறுநாள் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்: "பழைய பேரெல்லாம் எங்க?"

"இல்ல. அதுமேலயே மாத்திட்டேன். திரும்பக் கொண்டுவர ஒரு எக்ஸ்பிரஷன் எழுதிடலாம்."

"எது தேதி, எது பல்லுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியல. ஒவ்வொரு டாக்டரா போன் பண்ணிக் கேட்டு, கையால மாத்துங்க."

"நானா? நான் இந்த வீட்டு மாப்பிள்ளை."

"லேப்ல தப்புப் பண்றவங்கதான் திருத்தணும். அப்பா போட்ட விதி. விதின்னா எல்லாருக்கும் ஒரே விதின்னு சொன்னது நீங்கதான்."

மாப்பிள்ளை போனை எடுத்து முதல் டாக்டரைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சத்தம். பிறகு, "யார் பேசுறது?" என்று கேட்டார்கள்.

"லேப்ல இருந்து," என்றான். பெயரைச் சொல்லவில்லை.