ஆஸ்பத்திரியின் புகை

அந்த ஊரில் ஒரு கட்டடம் எழும்பினால் அதன் புகையும் கூடவே குடிவரும். சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது கிளம்பிய புகைதான். மற்ற ஊர்களில் அது வானத்துக்குப் போய்விடுமாம். இங்கே அந்த வசதியெல்லாம் கிடையாது. எந்தச் சிமெண்ட் மூட்டைக்காகக் கிளம்பியதோ, அந்த மூட்டை போன வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேரும். முதலில் எங்கே உட்காருகிறதோ அங்கேயே இருந்துவிடும். பிறகு எழுந்திருக்காது.

மங்கையர்க்கரசியின் வீட்டுப் புகை அவள் மகளின் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. மாடி எடுத்தபோது வந்தது. மகள் நிறைமதிக்கு இருமல் நிற்கவே இல்லை. அவளைத் திருச்சியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். மங்கை தினமும் அறைவாசலில் நின்று, "நீ எப்பதான் கெளம்புவ?" என்று கேட்பாள்.

"நான் எங்கம்மா போறது?" என்று புகை மரியாதையாகச் சொல்லும்.

கோபம் வராதா? வந்தது. ஆனால் புகையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியுமா?

இந்த லட்சணத்தில் ஊருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று கட்ட ஏற்பாடானது. அதற்கு வரப்போகும் புகையை அதிகாரிகள் முன்கூட்டியே அளந்தார்கள். அது உட்கார மேட்டுத்தெரு முழுவதும் தேவைப்படும் என்று சொன்னார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியது. மங்கையின் வீடும் அதே தெருவில்தான்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வலி எடுத்த பெண்கள் டவுனுக்குப் போகிற பஸ்ஸிலேயே பெற்றுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டருக்கு ஊரின் எல்லாக் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

மங்கை கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் பொறியாளர். வேறொரு கலவை செய்து வைத்திருந்தாள். களிமண்ணைக் குறைந்த சூட்டில் வறுத்து, சுடாத சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துச் சேர்த்து, சிமெண்ட்டைப் பாதியாகக் குறைத்திருந்தாள். சோதனைக்காக வார்த்த கட்டிகளுக்கு வந்த புகை பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. ஒரே குறை, அந்தக் கலவை மெதுவாக இறுகும். அதற்கு எதிலும் அவசரம் கிடையாது.

"இதுல போட்டா தெரு பொழைக்கும்" என்றாள் மங்கை. அதிகாரிகள் சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதில் அவளுக்கே பயமாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு மேல்தளம் போடும் நாளில் கொளஞ்சி மேஸ்திரி கலவையைக் கரண்டியால் குத்திப் பார்த்தார்.

"முறுக்கிக்கிட்டு நிக்கிதும்மா. ஒரு கொடம் தண்ணி ஊத்துனா வழிக்கு வந்துரும்."

"ஊத்தக் கூடாது மேஸ்திரி. பலம் போயிடும்."

"கொஞ்சூண்டு."

"சொட்டுகூட வேண்டாம்."

"சரிம்மா" என்றார் கொளஞ்சி. அவள் திரும்பியதும் ஊற்றினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இறுகின கலவையைப் பார்த்தால் அவர் கை தானாகக் குடத்துக்குப் போய்விடும்.

தளம் போட்டதும் தூங்கிவிட்டது. காதை வைத்தால் மூச்சு கேட்டது. நாட்கள் போயின. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, பிறகு நிதானமாக மேடேறியது. மெதுவாக இறுகும் என்று மங்கை சொன்னது உண்மைதான். இவ்வளவு மெதுவாக என்று அவளும் நினைக்கவில்லை.

ஒரு காலையில் ஒப்பந்ததாரர் ஆரோக்கியசாமி லாரியோடு வந்தார். தளத்தைத் தாங்க அடியில் நட்டிருந்த முட்டுகள் அவருடையவை.

"என் முட்டு எனக்கு வேணும் மேடம். கல்யாண மண்டபம் காத்துக்கிட்டு நிக்கிது."

"இன்னும் இறுகலை சார். விழுந்துடும்."

"விழட்டும். பழைய கான்கிரீட்டையே போட்டுருவோம்."

"அப்ப எங்க தெரு?"

"அதான் புகைக்குன்னு எழுதியாச்சே."

அப்போது மேட்டுத்தெரு டெய்லர் ஜமால் தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு முட்டுக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

"எடுத்துட்டுப் போங்க சார். நாங்க புடிச்சிக்கிறோம்."

தெருவே வந்தது. முட்டுக்கு ஓர் ஆள் வீதம் நின்று கையைத் தூக்கினார்கள். மங்கையும் ஓர் இடம் பார்த்து நின்றாள். தளம் பத்தடி உயரத்தில் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கைக்கு எட்டியது. ஆள் வளர்ந்ததா, தளம் இறங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியசாமி முட்டுகளை உருவி லாரியில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வாழ்க்கை அங்கேயே நடந்தது. ஜமால் காலால் மிஷினை மிதித்தார். கை மேலே இருந்ததால் துணி வைக்க முடியவில்லை. மிஷின் வெறுமனே தைத்தது. தபால்காரர் தபாலை வாயில் கொடுத்துவிட்டுப் போனார். கொளஞ்சி மட்டும் மேலே இருந்தார். தளத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அவர் வேலை. இப்போது எத்தனை குடம் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

ஒருநாள் அவர் தளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே நீட்டினார்.

"நான்தாம்மா ஊத்துனேன். ஒரு கொடம்."

"ரெண்டு" என்றாள் மங்கை.

"ரெண்டுதான்" என்று ஒப்புக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டார்.

தளம் தூங்கும்போதே ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டார்கள். டாக்டரம்மா ஆட்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார். நர்சுகள் குளுக்கோஸ் பாட்டிலை ஜமாலின் மணிக்கட்டில் மாட்டினார்கள். "கொஞ்சம் அசையாம இருங்கண்ணே" என்றார்கள். அவர் எங்கே அசைவது?

முதல் பிரசவம் மங்கை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலில் நடந்தது. பெண் குழந்தை. அது வீறிட்டு அழுதது. மேலே தளம் சோம்பல் முறித்த மாதிரி இருந்தது. பிறகு மங்கையின் உள்ளங்கையில் கனம் தெரியவில்லை.

தளம் இறுகிவிட்டதா, கை மரத்துவிட்டதா? கையை எடுத்தால்தான் தெரியும்.

"யாராச்சும் எடுத்துப் பாருங்களேன்" என்றார் ஜமால்.

"நீங்க எடுங்க" என்றாள் மங்கை.

"நான் எடுத்தா என் பக்கம் விழுந்துரும்மா."

எல்லோருக்கும் அதே எண்ணம். மங்கைக்கும் அதேதான். அவள் செய்த கலவையை அவளே நம்பவில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்போது வாசலில் ஆஸ்பத்திரியின் புகை வந்து நின்றது. ஆட்டுக்குட்டி அளவு. ஒரு தெருவே தேவைப்படும் என்று அளந்தார்களே, அதுதான்.

"இது ஆஸ்பத்திரிதானே? நான் எங்க உட்காரட்டும்?"

இடம் காட்ட யாருக்கும் கை காலியில்லை. புகை சுற்றுமுற்றும் பார்த்தது. தொட்டிலுக்கு அடியில் நல்ல நிழல் இருந்தது. அங்கே நடந்தது. உட்காருவதற்காகக் காலை மடக்கியது.

மங்கைக்கு நிறைமதியின் இருமல் காதில் கேட்டது.

"கையை எடுக்காதம்மா!" என்று தெருவே கத்தியது. அவள் எடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் புகையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி நின்றாள்.

ஒன்றும் விழவில்லை.

"நிக்குதாம்மா?" என்றார் ஜமால்.

"நிக்குது."

"உன் பக்கம் நிக்குது. எங்க பக்கம்?"

மங்கை மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மேஸ்திரி! கொஞ்சம் குதிச்சுப் பாருங்க."

மேலே தொம்மென்று சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கொளஞ்சி மூலைக்கு மூலை குதித்தார். பாத்தித் தண்ணீர் தளும்பி ஓரங்களில் மழையாகக் கொட்டியது. தளம் அசையவில்லை. ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். ஜமால் பாட்டிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு துணியைத் தேடி ஊசிக்கடியில் வைத்தார்.

மங்கை புகையோடு மேட்டுத்தெருவுக்கு வந்தாள். எல்லா வீடுகளும் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். மகளின் அறை ஜன்னலில் பெரிய புகை எட்டிப் பார்த்தது.

"உள்ள வரலையாம்மா?"

"வர முடியாது."

"ஏன்?"

"வந்தா இதைக் கீழ எறக்கணும்."

பெரிய புகை யோசித்தது. "எறக்குனா என்ன?"

"உக்காந்துரும்."

குட்டிப் புகை அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. மங்கை அதை இன்னொரு பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் வீட்டைத் தாண்டி நடந்தாள்.