குலசேகரத்தாரின் இருபத்திரண்டாவது குளிர்காலம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பிசகினாலும், நான் ஏறும் அன்றைக்கே பினாங்கு மலை ரயிலின் கயிறு அறுந்து போகட்டும். நான் மலைக்கு நடந்தே ஏறுபவன் என்பது வேறு விஷயம்.

சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியோடு பக்கத்து வீட்டுக் கமால் வாசலில் வந்து நின்றபோது, கனகேஸ்வரி தகப்பனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். குலசேகரம் விடிகாலையில் போய்விட்டார். துறைமுக ஆபீசில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளி வைக்க வேண்டிய மகன் சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்தான். மறுநாள் மத்தியானம்வரை உடல் தாங்க வேண்டும்.

"அக்கா, ஐஸ் ஆலையில மெஷின் நின்னு போச்சு. டவுன் பூரா இந்த ஒரு கட்டிதான் லா. மீன்காரன் கையிலேர்ந்து புடுங்கிட்டு வந்தேன்."

கனகேஸ்வரி எழுந்து, சுவரோரம் இருந்த தேயிலைப் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் மரத்தூளும் நேற்றைய ஐஸும், நடுவே சாண் உயர மரமொன்றும் இருந்தன. அன்று மார்கழி இருபத்தேழு.

1909இல் ஜப்பான் கப்பல் சமையற்காரன் ஒருவனிடம் குலசேகரம் வாங்கிய மரம் அது. குளிர்காலம் வந்து தூங்காவிட்டால் செத்துப்போகும் என்று அவன் கைஜாடையில் சொன்னான். பினாங்கில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? குலசேகரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மார்கழி என்று முடிவாயிற்று. மார்கழி முதல் தேதி மரம் பெட்டிக்குள் போகும். தை முதல் தேதி சூரியன் கிளம்பும்போது வெளியே வரும். மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியின் தேங்காயெண்ணெய் மாதம் முழுவதும் போத்தலில் உறைந்து கிடந்தது. ஒரு துரை பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஊர் ஞாபகம் வந்து, அடுத்த கப்பலிலேயே சீமைக்குப் போய்விட்டார்.

கனகேஸ்வரியின் தாய்மாமன் ஐஸைப் பிணத்தருகே இழுக்கப் போனார்.

"பொறுங்கோ மாமா. மரத்துக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. மனுசன் முதலோ, மரம் முதலோ?"

"இருபத்தொரு மார்கழி ஐயா ஒருநாளும் பிசகவிடேல்லை. அவர் செத்த அண்டைக்கே மகள் பிசகவிட்டிட்டாள் எண்டு ஆரும் சொல்லப்படாது."

ஹபீபா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆளுக்குப் பாதியா வெட்டிருங்க லா" என்றாள்.

"பாதிக் கட்டி நாளைக்கு வரைக்கும் நிக்காது" என்றான் கமால். "ரெண்டும் கெடும்."

சாக்கிலிருந்து நீர் சொட்டியது. கனகேஸ்வரி பெட்டிக்குள் கைவிட்டு மரத்தைச் சட்டியோடு தூக்கினாள். தகரத் தொட்டியில் ஐஸை உடைத்துப் பரப்பி, மேலே பலகை போட்டுத் தகப்பனைக் கிடத்தச் சொன்னாள். அவருடைய வலது கைப்பக்கம் சட்டியை வைத்தாள்.

"பிணத்தோடை மரத்தைக் கிடத்திறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"ஐயாவைக் கேட்டிருந்தா, தள்ளிப் படுத்து இடம் விட்டிருப்பார்."

கனகேஸ்வரி கழுத்துவரை தகப்பனுக்கும் உச்சிவரை மரத்துக்குமாக ஒரே வெள்ளை வேட்டியைப் போர்த்தினாள்.

வந்தவர்களுக்குக் குளிரில் பல் கிட்டியது. ஒருத்தியின் கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துவிட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் மாமாவே வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"இருபத்திரண்டாவது மார்கழி. ஒருநாள் பிசகேல்லைப் பாருங்கோ. எந்த வீட்டிலை உண்டு இது?"

மறுநாள் மகன் வந்து இறங்கியபோது, தொட்டியின் ஒரு மூலையில்தான் ஐஸ் கரைந்திருந்தது. தகப்பனைத் தூக்கினார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பறைச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, கனகேஸ்வரி உள்ளே வந்து, மிச்ச ஐஸைத் தேயிலைப் பெட்டிக்குள் அள்ளிப்போட்டாள். சட்டியை நடுவில் இறக்கினாள். மூடியை அழுத்தினாள்.

துக்க வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை. ஆனாலும் தை முதல் தேதி, சூரியன் கிளம்பும்போது, தலை முழுகி ஈரக்கூந்தலோடு அவள் சட்டியைப் பின்வளவுக்குத் தூக்கி வந்தாள். மதிலுக்கு அப்பால் ஹபீபா பீவி எட்டிப் பார்த்தாள்.

"துளிர்த்திருக்கா?"

கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். கொப்பின் நுனியில் நூல்போல ஒரு பச்சை. அவள் நிமிர்ந்து நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி சட்டியை மதில்மேல் வைத்தாள்.

அந்த மரம், பினாங்கின் தஞ்சோங் பூங்கா கடற்கரை வெயிலில் யாரும் சீண்டாமல் முளைத்துக் கிடக்கிற வெறும் சவுக்கு. அவளுக்கு அது பத்து வயதிலேயே தெரியும்.